சவால் விட்டானா, சவாலை விட்டானா?

மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கதையில் இப்படி ஒரு வரி வந்தது: ‘தம்பி சிரித்துக்கொண்டே சவாலை விட்டான்.’ சரி, பயல் பின்வாங்கிவிட்டான் என்று நினைத்து அடுத்த பத்திக்குப் போனால், அண்ணனும் தம்பியும் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராக நிற்கிறார்கள். எழுதியவர் சொல்ல வந்தது ‘சவால் விட்டான்’ என்பதை. நடுவில் புகுந்த ஒரே ஒரு ‘ஐ’ கதையையே கவிழ்த்துவிட்டது.

‘சவால் விடு’ என்பது சேர்ந்தே இயங்கும் ஒரு வினை, ‘மூச்சு விடு’, ‘கொட்டாவி விடு’ மாதிரி. ‘சவாலை’ என்று பிரித்துவிட்டால் ‘விடு’ தன் சொந்தப் பொருளுக்குத் திரும்பிவிடும். ‘குடியை விட்டான்’ என்றால் குடிப்பதை நிறுத்தினான் என்றுதானே பொருள்? அப்படித்தான் இதுவும். ஏற்பவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ‘சவாலை ஏற்றான்’ என்று தாராளமாக எழுதலாம்.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘அவனைச் சவால் விட்டான்’ என்று இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. மொழிபெயர்ப்பு வாடை. தமிழில் ‘அவனுக்குச் சவால் விட்டான்’ என்பதே இயல்பு. பேச்சில் ‘அவன்கிட்ட சவால் விட்டேன்’ என்போம், அதுவும் சரிதான். ஆனால் ‘அறைகூவு’ என்ற பழைய வினைக்கு ‘ஐ’தான் பொருந்தும். கிட்கிந்தையின் வாசலில் நின்று சுக்கிரீவன் வாலியை அறைகூவினான். வாலிக்குச் சவால் விட்டான். செயல் ஒன்றுதான், உருபு மட்டும் மாறுகிறது. அறைகூவலில் வருவது வல்லின ‘ற’. ‘அரைகூவல்’ என்று எழுதினால் சேவல் பாதியில் நிறுத்திவிட்டது போலிருக்கும்.

‘விட்டார்’, ‘விடுத்தார்’ இரண்டுமே சரி. பின்னது செய்தி நடை, மேடை நடை. கோபத்தில் கத்தும் ஒரு சிறுவன் ‘சவால் விடுத்தான்’ என்று கதையில் வந்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

பொருளில் நடக்கும் தவறுகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ‘சவால்’ அரபு மூலத்திலிருந்து வந்த சொல். உருதுவிலும் இந்தியிலும் அதற்கு இன்றும் ‘கேள்வி’ என்றே பொருள். தமிழுக்கு வந்தபின் மோதலுக்கு அழைப்பதாக மாறிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி உள்ளே ஒளிந்துதான் இருக்கிறது: ‘உன்னால் முடியுமா?’ அதனால் சவால் விட எதிரே ஓர் ஆள் வேண்டும். அவன் ஏற்கலாம், மறுக்கலாம், ‘போடா’ என்று போய்விடலாம். யாரையும் நோக்காமல் ‘இதை முடிக்காமல் ஓயமாட்டேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது சவால் ஆகாது. அது சூளுரை. கோபத்தோடு சொன்னால் வஞ்சினம்.

புறநானூற்றின் 72ஆம் பாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன்னை இளையவன் என்று இகழ்ந்த அரசர்களைப் போரில் வெல்லாவிட்டால், குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் என்று பழி தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான் பாண்டியன் நெடுஞ்செழியன். பகைவனைப் பார்த்து ‘வா’ என்று ஒரு சொல் இல்லை. தோற்றால் தனக்கு என்ன நேரவேண்டும் என்பதை அவனே விதித்துக்கொள்கிறான். இதை ‘பாண்டியன் சவால் விட்டான்’ என்று சுருக்கினால் பாட்டின் கனமே போய்விடும்.

இன்னொரு பக்கம், எதிர்ப்பது எல்லாவற்றுக்கும் ‘சவால்’ என்று போடும் பழக்கம். ‘தீர்ப்பைச் சவால் செய்து மனு தாக்கல்’ என்று படிக்கிறோம். ‘தீர்ப்பை எதிர்த்து’ என்றால் என்ன குறைந்துவிடும்? ஒருவர் கருத்தை மறுத்தால் மறுத்தார், சந்தேகப்பட்டால் கேள்வி எழுப்பினார். கஷ்டமான வேலையை ‘சவாலான வேலை’ என்பது ஊறிப்போய்விட்டது, அதோடு நான் சண்டைக்கு நிற்பதில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் ஆறு சவால்கள் வந்தால் நாலையாவது ‘சிக்கல்’, ‘கஷ்டம்’, ‘நெருக்கடி’ என்று மாற்றிப் பாருங்கள், எது எதைக் குறிக்கிறது என்று தெளிவாகத் தெரியும். ‘அறைகூவல்’ இப்போது போராட்டத்துக்கான அழைப்பையும் குறிக்கிறது, அது பொருத்தம்தான். மரக்கன்று நடச் சொல்வதற்கெல்லாம் அறைகூவல் விடுக்க வேண்டாம், ‘வேண்டுகோள்’ போதும்.

அப்புறம், சவடால். ‘முடிந்தால் என்னோடு மோதிப் பார்’ என்றால் சவால். ‘நான் மட்டும் களத்தில் இறங்கினால் ஒருத்தனும் நிற்கமாட்டான்’ என்று திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னால் சவடால். இரண்டையுமே ‘விட’த்தான் செய்கிறோம், எழுத்திலும் நடுவே ஒரு ‘ட’தான் வித்தியாசம். தட்டச்சில் கை தவறி அந்த ‘ட’ கூடுதலாக விழுந்து, ‘தலைவர் சவடால் விட்டார்’ என்று அச்சாகிவிட்டால், மறுநாள் திருத்தம் போட வேண்டியிருக்கும். அதைப் படித்த பலர் திருத்தம் தேவையில்லை என்றும் நினைக்கலாம்.