பேட்டரி போர்டோடு விமானம் ஏறும் முன்: கவுண்டரில் மாட்டிவிடும் தவறுகள்

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு, இரண்டு சக்கர ஹோவர்போர்டு, நடுவில் ஒரே பெரிய சக்கரம் உள்ள ஒன்வீல் என எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் செக்-இன் கவுண்டரில் கேட்பது ஒன்றுதான்: "பேட்டரி எத்தனை வாட்-ஹவர்?" பலர் திருதிருவென விழிப்பது இங்கேதான். போர்டின் வேகம் தெரியும், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும், பேட்டரி எவ்வளவு மின்சக்தியைச் சேமிக்கும் என்ற இந்த அளவு மட்டும் தெரியாது. விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் கொண்டுபோவது போர்டு அல்ல, ஒரு லித்தியம் பேட்டரி. பலகையும் சக்கரமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருபவை.

கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர். லேபிளில் மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) என்று போட்டிருந்தால் முதலில் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 100 வாட்-ஹவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உதிரி பேட்டரி என்றால் இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் கையிலும் இல்லை, செக்-இன் பையிலும் இல்லை.

இந்தப் பெருக்கலிலேயே ஒரு பொறி இருக்கிறது. நானும் அதில் விழுந்திருக்கிறேன். பல ஹோவர்போர்டுகளில் இருப்பது 36 வோல்ட், 4.4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பெருக்கினால் 158.4, எல்லைக்குள் மயிரிழையில் நிற்கிறது. நான் பேட்டரியின் லேபிளை விட்டுவிட்டு சார்ஜரின் லேபிளைப் பார்த்தேன். அதில் 42 வோல்ட். 184.8 என்று வந்ததும் பயணத்துக்கு முந்தைய இரவு தூக்கமே போச்சு. 42 என்பது முழு சார்ஜ் ஏறியபோது பேட்டரி தொடும் வோல்ட். கணக்குக்கு எடுக்க வேண்டியது பேட்டரியின் லேபிளில் உள்ள 36. லேபிளே இல்லாத, அல்லது எழுத்து அழிந்துபோன பேட்டரி என்றால் உங்கள் வாய்க்கணக்கை யாரும் நம்பப்போவதில்லை.

மாடலின் அளவைப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. ஒன்வீல் பின்ட் 148 வாட்-ஹவர், அதன் அண்ணன் எக்ஸ்ஆர் 324, ஜிடி 525. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே குடும்பம். அனுமதி கேட்கவாவது வழி இருப்பது முதலாவதுக்கு மட்டும்தான்.

அப்புறம், "160-க்குக் கீழே இருக்கிறது, விட்டே ஆக வேண்டும்" என்று வாதாடுவது. அந்த எண் உச்சவரம்பு, உரிமை அல்ல. 2015-இல் ஹோவர்போர்டுகள் தீப்பிடித்த செய்திகள் வரிசையாக வந்தபோது அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் வாட்-ஹவரே பார்க்காமல் அவற்றை மொத்தமாகத் தடை செய்தன. அடுத்த ஆண்டு அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பயம் பல நிறுவனங்களின் விதிப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அதனால் தொலைபேசியில் "பரவாயில்லை சார், கொண்டு வாங்க" என்று ஒருவர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். மாடல் பெயர், வாட்-ஹவர், பேட்டரியைக் கழற்ற முடியுமா என்ற மூன்றையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பேட்டரியைச் செக்-இன் பையில் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. கழற்றிவிட்டால் அதுவும் உதிரி பேட்டரிதான், உதிரி பேட்டரி எப்போதும் கைப்பையில்தான். லித்தியம் செல் ஒன்று கட்டுமீறிச் சூடானால் பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். சரக்கு அறையில் உள்ள ஹேலான் என்ற தீயணைப்பு வாயு சுற்றியுள்ள தீயை அடக்கலாம், ஆனால் செல்லுக்குள் நடக்கும் அந்தச் சூட்டுச் சங்கிலியை நிறுத்தாது. மேலே கேபினில் என்றால் புகை கண்ணில் படும், பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம்.

கைப்பையில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. கனெக்டர் வாய் திறந்தபடி, சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தால் ஷார்ட் ஆக அதுவே போதும். கனெக்டருக்கு மூடி போடுங்கள், அல்லது இன்சுலேஷன் டேப் சுற்றித் தனி உறையில் வையுங்கள். சார்ஜையும் பாதிக்குக் கீழே இறக்கிவிடுவது நல்லது. உப்பிய, அடிபட்ட, தண்ணீர் குடித்த பேட்டரியைக் கொண்டுபோகவே வேண்டாம். விமானம் ஏறும் வாசலில் கைப்பையையும் வாங்கிக் கீழே போடச் சொன்னால் முதலில் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். அவசரத்தில் மறந்துபோகும்.

கழற்றுவதை விமான நிலையத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சில போர்டுகளில் அடிமூடிக்குப் பத்துப் பன்னிரண்டு திருகுகள் இருக்கும். பின்னால் வரிசை பெருமூச்சு விட, தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது கௌரவமான காட்சி அல்ல. வீட்டிலேயே கழற்றி, பலகையைச் செக்-இன்னுக்குத் தயாராகக் கட்டிவிடுங்கள். கருவிகளும் அந்தப் பையிலேயே போகட்டும்.

"இது என் நடைக்கு உதவும் வண்டி" என்று சொல்லித் தப்பிக்கும் யோசனை சிலருக்கு வரும். மடிக்கக்கூடிய சக்கர நாற்காலிகளுக்கு 300 வாட்-ஹவர் வரை சலுகை உண்டு என்பது உண்மை. அது நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கானது. போர்டின் மேல் நின்று சமநிலை பிடித்து ஓட்டுகிறவர் அதைக் கேட்பது எடுபடாது, எனக்குப் பிடிக்கவும் இல்லை.

கடைசியாக, டிக்கெட்டில் உள்ள பெயரை மட்டும் பார்ப்பது. ஒரு நிறுவனம் விற்ற டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானம் பறக்கலாம். பறக்கும் நிறுவனத்தின் விதிதான் செல்லும். இணைப்பு விமானத்துக்கும், முக்கியமாகத் திரும்பி வரும் விமானத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். போகும்போது ஏற்றிக்கொண்டார்கள் என்பது திரும்பும் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு பதிலே இல்லை.