பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: டர்போவுக்கு முன்னால் புஷ்ஷைக் கவனியுங்கள்

நிஸான் ஸ்கைலைன் ஆர்32, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டும் 1989-ல் விற்பனைக்கு வந்தவை. இப்படி ஒரு பழைய கார் கைக்கு வந்ததுமே பலரும் பெரிய டர்போ, புது சைலன்சர் என்று இறங்கிவிடுகிறார்கள். தினமும் சாலையில் ஓட்டப்போகிற வண்டி என்றால், முதல் செலவு ரப்பருக்கும் பிரேக்குக்கும்தான் என்பேன்.

சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள், அதாவது புஷ்கள், முப்பது வருடத்தில் இறுகி, விளிம்பில் வெடித்திருக்கும். புது ரப்பர் புஷ் போட்டாலே ஸ்டீயரிங் எவ்வளவு துல்லியமாகிறது என்று பாருங்கள்! பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் புஷ் இன்னும் கெட்டியானது, ஆனால் சாலையின் அதிர்வையெல்லாம் உள்ளே கொண்டுவரும். தெருவுக்கு ரப்பரே போதும். இங்கே முக்கியமான ஒன்று: வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுதாக முறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை அதன்மேல் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம்; சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரைக் கழற்றிவிடுங்கள்.