ஊர் ஏரியின் வாழிடக் கணக்கெடுப்பைப் பிறருக்குப் பயன்படும்படி பகிர்வது எப்படி?

தமிழ்நாட்டின் ஏரிகளையும் கண்மாய்களையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து, அங்கு வரும் பறவைகளையும் முளைக்கும் செடிகொடிகளையும் குறித்து வைப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி நோட்டுப் புத்தகத்திலும் கைப்பேசியிலுமே தங்கிவிடுகிறது. ஏரியின் உட்புறத்தில் சாலை அமைக்கவோ, கரைமரங்களை வெட்டித் தூர்வாரவோ முடிவெடுக்கப்படும் நாளில் அவை உரியவர் கைக்கு எட்டுவதில்லை.

எட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சான்றாக இருக்கிறது. 2022 நவம்பரில் அப்பகுதி பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அங்கு சுமார் 250 வகைப் பறவைகள் இருப்பதும், லகர், ஷாஹீன் என்னும் இரு வல்லூறுகளும் போனெல்லி கழுகும் வாழ்வதும் அரசின் அறிவிப்பிலேயே இடம்பெற்றன. 2024இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஏலப் பரப்புக்குள் பாரம்பரியத் தலம் அடங்கியிருப்பது எதிர்ப்பின் வலுவான வாதங்களில் ஒன்றாக அமைந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மக்களின் போராட்டமே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கு என்னென்ன வாழ்கின்றன என்பது முன்பே பதிவாகியிருந்ததால், அதைப் புதிதாக நிறுவ வேண்டிய நிலை அவர்களுக்கு வரவில்லை.

பகிர்வதற்குத் தகுந்த தரவு களத்திலேயே உருவாகிறது. எதைப் பார்த்தோம் என்பதோடு, எப்படிப் பார்த்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்பதே இதில் அடிப்படை. இருவர் ஒரே ஏரிக்குச் சென்று, ஒருவர் பதினைந்து நிமிடமும் மற்றவர் இரண்டு மணி நேரமும் பார்த்திருந்தால், அவர்களின் எண்ணிக்கைகளை அருகருகே வைத்துப் பறவைகள் குறைந்துவிட்டன என்றோ பெருகிவிட்டன என்றோ சொல்ல இயலாது. ஆகவே தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, உடன் வந்தவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் தவறாமல் குறியுங்கள். நடக்கும் பாதையையும் முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது. உபரிநீர் வெளியேறும் கலுங்கில் தொடங்கிக் கரையோடு மூன்றாம் மடை (மதகு) வரை என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு வேறொருவர்கூட அதே பாதையில் நடந்து ஒப்பிட முடியும்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக இதைக் கொள்ளலாம்: "2025-01-19, காலை 6.40 முதல் 7.55 வரை, 1.8 கி.மீ., இருவர். கலுங்கிலிருந்து மூன்றாம் மடை வரை. நீர் ஏறத்தாழ முக்கால் பரப்பில்; வடக்கு ஓரத்தில் ஆகாயத்தாமரை, கிழக்கில் சம்பும் கோரையும். நாமக்கோழி 140 (பத்துப் பத்தாக எண்ணியது), முக்குளிப்பான் 22, நத்தைகுத்தி நாரை 9, நெடுங்கால் உள்ளான் 0." தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 04-03 என்று மட்டும் எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று பிறர் அறிய வழியில்லை. எண்ணிய முறை அடைப்புக்குறிக்குள் இருப்பதால், 140 என்பது துல்லியமான எண் அன்று, நெருங்கிய மதிப்பு என்பது படிப்பவருக்குத் தெரிகிறது.

அந்த மாதிரியின் கடைசியில் உள்ள பூஜ்யத்தைப் பலர் எழுதுவதில்லை. தேடியும் காணவில்லை என்பது ஒரு தகவல். அதை எழுதாமல் விட்டால், தேடவே இல்லை என்பதற்கும் தேடிக் காணவில்லை என்பதற்கும் வேறுபாடு இல்லாமல் போகும். ஓர் உயிரினம் ஏரியை விட்டு நீங்குவதை நமக்குக் காட்டுபவை இந்தப் பூஜ்யங்கள்தாம் என்பதால், இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

பறவைகளோடு நின்றுவிடாமல் வாழிடத்தின் நிலையையும் எழுத வேண்டும். நீர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது, கரையில் நாட்டுக் கருவேலம் நிற்கிறதா சீமைக் கருவேலம் பரவியிருக்கிறதா, நெய்வேலிக் காட்டாமணக்கு எந்த ஓரத்தில் அடர்ந்திருக்கிறது, கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியாக உள்ளே வருகிறது, மண் அள்ளிய பள்ளங்கள் உள்ளனவா என்பனவற்றை ஒவ்வொரு வரியில் எழுதினாலே போதும். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு படம் எடுத்து வைப்பது இவற்றுக்கெல்லாம் துணையாக அமையும்.

இடத்தைக் குறிக்க ஊர்ப்பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல ஏரிகள் உள்ளன. கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஐந்து தசம இடங்கள் வரை எழுதினால் ஒரு மீட்டர் அளவுக்கு நுணுக்கம் கிடைக்கும்; இரண்டு இடங்களோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிசகலாம். உயிரினத்தின் ஊர்ப்பெயரை எழுதுங்கள், கூடவே அறிவியல் பெயரையும் சேருங்கள். ஓர் ஊரில் வழங்கும் பெயர் அடுத்த மாவட்டத்தில் வேறொரு பறவையைக் குறிக்கலாம். இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் 'ஏதோ ஓர் உள்ளான்' என்று எழுதுவதே நேர்மையானது. ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் தரும் விடையை, கண்ணாலோ காதாலோ நீங்களே உறுதி செய்யாமல் பதிவில் ஏற்றாதீர்கள்.

இனிப் பகிர்தல். பறவைப் பட்டியல்களுக்கு, கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளமே ஏற்றது. பட்டியலை அனுப்பும் முன், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று அது கேட்கும். அரிய பறவைகளை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் 'இல்லை' என்றே சொல்லுங்கள்; அந்த ஒரு விடையை நம்பித்தான் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 942 இனங்களின் நிலையை மதிப்பிட்ட 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இவ்வாறு அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்தே எழுதப்பட்டது. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் புதியவர்கள் தொடங்குவதற்குத் தகுந்த தருணங்கள்.

செடிகள், தும்பிகள், பட்டாம்பூச்சிகள், தவளைகள் போன்றவற்றைப் படத்தோடு ஐ-நேச்சுரலிஸ்ட்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றலாம். ஏற்றும்போது உரிமத்தைப் பாருங்கள்: எல்லா உரிமைகளும் தமக்கே என்று வைத்துக்கொண்டால், ஐ-நேச்சுரலிஸ்ட்டிலிருந்து ஜிபிஐஎஃப் என்னும் உலகளாவிய பொதுத் தரவுத்தளத்துக்கு அந்தப் பதிவு போகாது. பெயர் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமே போதுமானது.

எல்லாவற்றையும் திறந்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. நட்சத்திர ஆமை வளர்ப்பு விலங்குச் சந்தைக்காகக் கடத்தப்படுகிறது. தேவாங்கு மூடநம்பிக்கைகளுக்காகப் பிடிக்கப்படுகிறது. இவை போன்ற உயிர்களின் துல்லியமான இடத்தையும், ஆந்தைக் கூடு, கழுகுக் கூடு இருக்கும் மரத்தையும் பொதுவெளியில் இடாதீர்கள். ஐ-நேச்சுரலிஸ்ட்டில் இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், சுமார் 20 கி.மீ. பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் ஏதோ ஓரிடம் என்று மட்டுமே பிறருக்குத் தெரியும். அதே படத்தை வாட்ஸ்அப் குழுவில் கோப்பாக அனுப்பினால், படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் எண் அந்த மறைப்பை வீணாக்கிவிடும். துல்லியமான இடத்தை வனத்துறைக்கு மட்டும் தனியே எழுதித் தரலாம்.

மனிதர்கள் தரும் தகவலுக்கும் இதே கவனம் வேண்டும். மீன்பிடிப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் ஏரியைப் பற்றி அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிவதில்லை. அவர்களிடம் கேட்டு எழுதுவதை அவர்கள் சம்மதத்தோடு மட்டுமே பகிருங்கள். மூலிகைப் பயன்பாடு போன்ற மரபறிவை இணையத்தில் ஏற்றாமல், ஊரின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொண்டு செல்வதே முறை.

அந்தக் குழுவை நம்மில் பலரும் கவனிப்பதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் அது அமைக்கப்பட வேண்டும். ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மரபறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் பணி. பல ஊர்களில் ஒரு முறை எழுதிய பதிவேடு அப்படியே கிடக்கிறது. உங்கள் கணக்கெடுப்பை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் தொகுத்து, ஏரியின் புல எண் (சர்வே எண்), கையால் வரைந்த வரைபடம், இனங்களின் பட்டியல் ஆகியவற்றை இணைத்து, பதிவேட்டில் சேர்க்கும்படி ஊராட்சி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் அதைப் படித்துக் காட்டித் தீர்மானமாக்கக் கோரலாம்.

ஏரியைப் பராமரிப்பது யார் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. அவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் இனங்களின் எண்ணிக்கையை முதலில் வைக்காமல், செய்யக்கூடிய ஒரு கோரிக்கையை முதலில் வையுங்கள். எடுத்துக்காட்டாக, "தெற்கு ஓரத்து நாட்டுக் கருவேல மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியுள்ளன. குஞ்சுகள் பறக்கும் வரை அந்த ஓரத்தில் மட்டும் தூர்வாரும் பணியைத் தள்ளிவைக்க வேண்டும்" என்று எழுதி, மரங்களின் எண்ணிக்கையையும் கூடுகளை எண்ணிய தேதியையும் கீழே கொடுத்தால், பொறியாளர் அதைத் தம் பணி அட்டவணையில் சேர்க்க முடியும்.