டெர்மினல் அரட்டைக்கு அறிவிப்பு: எங்கே கோட்டை விடுகிறோம்?

டெர்மினலில் ஓடும் அரட்டை நிரல்களான வீசாட்டுக்கோ (WeeChat) இர்ஸிக்கோ (irssi), யாராவது அழைத்தால் திரையில் காட்டும் ஒரு அறிவிப்பு ஸ்கிரிப்டைத் தேடிப் போட்டாயிற்று. ஒன்றும் வரவில்லை. உடனே ஸ்கிரிப்டைத் திட்டுவோம். அதற்கு முன் அது எந்தக் கணினியில் ஓடுகிறது என்று பாருங்கள்.

பலர் வீசாட்டை எங்கோ இருக்கும் சர்வரில், இணைப்பு போனாலும் நிரலை ஓடவைக்கும் டீமக்ஸுக்குள் (tmux) ஓடவிட்டு, மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற தொலை இணைப்பு வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். ஸ்கிரிப்ட் கூப்பிடும், திரையில் அறிவிப்பு காட்டச் சொல்லும் நோட்டிஃபை-செண்ட் (notify-send) கட்டளையும் அந்த சர்வரிலேயே ஓடி, நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் அங்குள்ள டி-பஸ்ஸைத்தான் (D-Bus) தேடும். திரையே இல்லாத பெட்டியில் அறிவிப்பு யாருக்கு? இது புரியாமல் நான் ஒரு சனிக்கிழமையையே தொலைத்திருக்கிறேன்.

இர்ஸிக்கு எஃப்நோட்டிஃபை என்றொரு ஸ்கிரிப்ட் உண்டு. உங்களை அழைக்கும் வரிகளை சர்வரில் ஒரு கோப்பில் எழுதும். அந்தக் கோப்பை எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொடர்ந்து படித்து, மடிக்கணினியில் ஓடும் நோட்டிஃபை-செண்டுக்குக் கொடுத்தால் போதும். இதுவும் வேண்டாமா? டெர்மினல் 'பீப்' என்று ஒலிக்கும் பழைய டெர்மினல் மணியே இருக்கிறது. அது எஸ்எஸ்ஹெச்சைத் தாண்டித் தானாக வந்து சேரும். டீமக்ஸ் அமைப்பில் மணியை அணைத்து வைக்காமல் இருந்தால் சரி.

சொந்தக் கணினியிலேயே ஓட்டியும் வரவில்லையா? வெறும் டெர்மினலில் நோட்டிஃபை-செண்டைத் தனியாக அடித்துப் பாருங்கள். ஐ3 (i3), ஸ்வே (Sway) போன்ற எளிய சாளர மேலாளர்களின் பயனர்கள் டன்ஸ்ட் (dunst), மாக்கோ (mako) போன்ற ஒன்றைத் தாங்களே நிறுவ வேண்டும். அறிவிப்பைக் காட்டும் நிரல் அவற்றோடு வருவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல் ரகம். அடுத்தது ஆபத்து. ஸ்கிரிப்டை நீங்களே எழுதினால், வந்த செய்தியைக் கட்டளை வரியோடு ஒட்டி, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்துவிடாதீர்கள். செய்தி யாரோ முகம் தெரியாதவர் அனுப்புவது. டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு அவர் எழுதியது உங்கள் கணக்கில் கட்டளையாக ஓடிவிடும். மேற்கோள் குறிக்குள் வைத்தால் தப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம், அதையும் உடைக்கலாம். ஷெல்லே இல்லாமல் நோட்டிஃபை-செண்டை நேரடியாகக் கூப்பிட்டு, செய்தியை அதற்குத் தரும் தனி உள்ளீடாக (ஆர்க்யுமெண்டாக) அனுப்புங்கள். செய்திக்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு (--) போடுங்கள். இல்லையென்றால் சிறுகோட்டில் தொடங்கும் செய்தியை நோட்டிஃபை-செண்ட் தனக்கான ஆப்ஷன் என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம், ஹைலைட் சொற்கள், அதாவது யாராவது எழுதினால் அறிவிப்பைக் கிளப்பும் சொற்கள். உங்கள் புனைபெயருக்கு வீசாட் தானாகவே ஹைலைட் செய்யும். லினக்ஸ் சேனலில் உட்கார்ந்துகொண்டு 'லினக்ஸ்' என்பதையும் சேர்த்தால், மதியத்துக்குள் நீங்களே அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள்.