வயரிங் படத்தைப் போனில் தொலையாமல் படிப்பது எப்படி?

காலபோக அறுவடை நேரம் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயலுக்குள் உழவு இயந்திரமோ அறுவடை மெசினோ நின்றுவிட்டால், மெக்கானிக்கின் கையில் இருப்பது போன் ஒன்றுதான். அதில் கிடக்கிற வயரிங் படமோ பெரிய மடிப்புத் தாளுக்கென்று வரைந்தது. பெரிதாக்கினால் எந்த வயரில் நிற்கிறோம் என்று தெரியாது. சிறிதாக்கினால் எழுத்துத் தெரியாது. அந்தப் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, தொட்டவுடன் அடுத்த துண்டுக்குப் போகிற பிடிஎப் ஆக்கிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் உதவும். காசில்லாமல் கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ், அதாவது கணினியில் ஸ்லைட் பக்கங்கள் செய்கிற மென்பொருள், இதற்குப் போதும்.

முதலில் மூலப் படம். ஸ்கான் செய்தால் தெளிவு அளவு 300 டிபிஐ. போனில் எடுத்தால் தாளுக்கு நேர் மேலே நின்று இரண்டு பாதியாக எடுங்கள். நடு மடிப்பில் 3 சென்ரிமீற்றராவது இரண்டு படத்திலும் வர வேண்டும். மடிப்புக்குள் விழுந்த வயரை ஊகித்து வரைந்தால் பிறகு பியூஸ் எரியும்.

அடுத்தது பிரிப்பு. முறைப்பாட்டை வைத்துப் பிரியுங்கள்: ஸ்ராட்டர், சார்ஜ், லைற், சிக்னலும் ஹோர்னும், மீற்றரும் சென்சரும். ஒரு பக்கத்தில் 10, 12 பாகத்துக்கு மேல் வைக்காதீர்கள். சாவி சுவிச்சும் பியூஸ் பெட்டியும் நாலு பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் வரட்டும், அதுதான் வசதி.

பக்க அளவு ஏ4, கிடையாக. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஏ4 இன் நீளம் 29.7 சென்ரிமீற்றர். போனைக் கிடையாகப் பிடித்தால் ஸ்கிரீன் ஏறத்தாழ 15. ஆகவே நீங்கள் வரைவது எல்லாம் பாதியாகச் சுருங்கும். 10 புள்ளி (பொயின்ற், மென்பொருளில் எழுத்துக்கும் கோட்டுக்கும் உள்ள அளவு) எழுத்து 5 புள்ளியாகிவிடும், நடு வெயிலில் அதை யாராலும் வாசிக்க முடியாது. எழுத்து 20 புள்ளிக்குக் குறையக் கூடாது, கோடு 3 புள்ளி.

கோட்டுக்கு உண்மையான வயர் நிறத்தையே கொடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் வெள்ளைப் பின்னணியில் மறைந்துபோகும். அதே கோட்டைக் கறுப்பில் 5 புள்ளியில் வரைந்து அடியில் வையுங்கள். இரண்டு நிற வயருக்கு, தடித்த கோட்டின் மேல் 1 புள்ளித் தடிப்பில், விட்டுவிட்டுப் போகும் கோடு ஒன்றை இரண்டாவது நிறத்தில் போடுங்கள். நிறக் குறியீட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். சேறும் எண்ணெயும் பிடித்த வயரில் நிறம் பார்த்து நம்ப முடியாது.

ரிலேயை (மின்னால் இயங்குகிற சுவிச்சை) சும்மா ஒரு பெட்டியாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதன் கால்களில் 85, 86 கொயில் (உள்ளே சுவிச்சை இழுக்கிற கம்பிச் சுருள்); 30 இல் மின் வருகிறது; கொயில் இழுத்தால் 87 க்குப் போகிறது. ஐந்து கால் உள்ளதில் 87ஏ, இழுக்காத நேரம் 30 உடன் சேர்ந்திருக்கும். கால் எண்களை ரிலேயின் அடியில் உள்ள அதே ஒழுங்கில் வையுங்கள். கீழே குனிந்து மல்ரிமீற்றரின் கம்பியை வைக்கிறவருக்கு அந்த ஒழுங்குதான் தேவை. எல்லா மெசினிலும் இந்த எண்கள் இராது. மூலத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

ஒரு வயர் பக்கத்தை விட்டு வெளியே போகிற இடத்தில் அம்புக்குறி போட்டு, போகிற பக்கத்தின் பெயரை எழுதுங்கள். வந்து சேர்கிற பக்கத்திலும் அதே குறி இருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் வயர் அந்தரத்தில் நிற்கும். சந்திப்புக்குப் புள்ளி வையுங்கள், சும்மா குறுக்கே போனால் புள்ளி வேண்டாம்.

இனி இணைப்பு. அதற்கு முன்னமே ஒவ்வொரு ஸ்லைட்டுக்கும் பெயர் வைத்துவிடுங்கள். பெயரில்லாத ஸ்லைட்டுக்கு வரிசை எண்தான் பெயர், நடுவில் ஒன்றைச் செருகினால் எண்கள் நகரும், இணைப்புத் தப்பான பக்கத்துக்குப் போய்விடும். பிறகு அம்புக்குறியின் மேல் 2 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை வைத்து, வலது கிளிக்கில் இன்டரக்ஷன் (Interaction), அதில் கோ டு பேஜ் ஓர் ஒப்ஜெக்ட் (Go to page or object), பிறகு போக வேண்டிய பக்கத்தின் பெயர் என்று தெரிவு செய்யுங்கள். சதுரம் இதைவிடச் சின்னதென்றால் கிரீஸ் பிடித்த விரலுக்கு அகப்படாது. முதல் பக்கத்தில் மெசினின் வெளிக்கோட்டை வரைந்து பற்றரி, பியூஸ் பெட்டி, ஸ்ராட்டர் இருக்கிற இடங்களில் சதுரம் வையுங்கள். மற்ற எல்லாப் பக்கத்தின் மூலையிலும் முதல் பக்கத்துக்குத் திரும்புகிற சதுரம் ஒன்று.

பிடிஎப் எடுக்கும்போது எக்ஸ்போர்ட் அவுட்லைன்ஸ் என்பதில் சரி போடுங்கள், பக்கப் பெயர்கள் பட்டியலாக வரும். படத்துக்கு லொஸ்லெஸ் தெரிவு. ஜேபெக் என்றால் மெல்லிய கோட்டைச் சுற்றி அழுக்குப் படியும். தமிழ்ச் சொற்களைப் பிடிஎப்பில் தேடினால் பல நேரம் அகப்படாது, கொம்பு போட்ட எழுத்துகள் உள்ளே இடம் மாறிக் கிடக்கும். தேட வேண்டிய கனெக்டர் எண், நிறக் குறியீடு ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பதிவிறக்கி அடோபி ரீடரில் திறக்கச் சொல்லுங்கள். சில செயலிகளில் தொட்டாலும் பக்கம் மாறாது.

கொடுக்கும் முன் மூலத்தோடு வயர் வயராக ஒப்பிட்டு, பார்த்ததை மூலத்தில் பென்சிலால் வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டாமல் எஞ்சுவது நீங்கள் தவறவிட்டது. சந்தேகமான வயரை, பற்றரியின் நெகற்றிவைக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரில் தொடர்ச்சி (வயர் அறாமல் இருக்கிறதா என்று) பாருங்கள்.

ஏர்த்துக்கு, அதாவது மின் சேசி (மெசினின் இரும்புச் சட்டம்) வழியாகப் பற்றரிக்குத் திரும்புகிற இணைப்புகளுக்கு, ஒரு தனிப் பக்கம் கட்டாயம் வேண்டும். கொம்பனிப் படத்தில் எல்லா ஏர்த்தும் கீழே ஒரே கோட்டில் முடிந்திருக்கும். உண்மையில் அவை சேசியில் வேறு வேறு போல்ட்டில் இருக்கின்றன, சேற்றில் துருப்பிடிப்பதும் அவைதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் போல்ட், எந்தப் பக்கத்தால் கை விட வேண்டும் என்பதை அந்த இடத்தின் போட்டோவோடு சேர்த்துப் போடுங்கள்.