அடிபட்டது எப்பம்? தலைக்காய ஆய்வில் சேரும் மருத்துவமனைக் குழுவுக்கு

ராத்திரி பத்தேகாலுக்கு 108 வண்டி கேஷுவாலிட்டி வாசலில் வந்து நிற்கும். வில்லுக்குறி பக்கம் பைக் சறுக்கி விழுந்தவர், காதோரம் ரத்தம், கூப்பிட்டால் கண் திறக்கிறார். டாக்டர் பார்க்க ஓடுவார், சிஸ்டர் ஊசி போட நரம்பு தேடுவார், அட்டெண்டர் சட்டையை வெட்டுவார். அந்த நேரத்தில் கூட வந்த ஆளைப் பிடித்து ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணே, அடிபட்டது எப்பம்?"

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, பிறகு பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒரு தலைக்காய மருந்து ஆய்வுக்குக் கோஆர்டினேட்டர் ஆனவள். இதே வேலைக்குப் புதிதாக வரும் தங்கைமார், தம்பிமார் போன் செய்து கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இத்தனை மருத்துவமனைகள் எதற்கு என்பதை முதலில் குழுவுக்குப் புரிய வையுங்கள். தலையில் அடிபட்டால் ஸ்டீராய்டு ஊசி போடுவது பல வருடம் பல இடங்களில் பழக்கத்தில் இருந்தது. வீக்கம் வற்றும் என்று நம்பினார்கள். கிராஷ் என்ற ஆய்வு 49 நாடுகளில் 239 மருத்துவமனைகளைச் சேர்த்து, 10,008 பேரிடம் அதைச் சோதித்தது. 2004-ல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் 21.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று நம்பிக் கொடுத்த மருந்து ஆளைக் கொன்றிருக்கிறது. நூறு பேருக்கு மூன்று பேர் என்ற அந்த வித்தியாசத்தை ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு எத்தனை திறமையான டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாதம் நாலு பேர் கூடுதலாக இறப்பார்கள், அடுத்த மாதம் குறையும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். ஊர் ஊராகச் சேர்த்துக் கூட்டினால்தான் அது வெளியே வரும். ஆசாரிப்பள்ளமோ ஆப்பிரிக்காவோ, ஒரே மாதிரி கேட்டு ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

நேரத்தை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை எல்லோருக்கும் தெரியும், மாதவிடாய்ப் போக்குக்கே மாத்திரையாகக் கொடுப்பார்கள். 20,211 பேரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வில், அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கால் வரும் சாவு குறைந்தது. 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தவர்களுக்கு அது கூடிவிட்டது. மருந்து அதேதான், கடிகாரம்தான் வேறு. 2019-ல் வெளிவந்த கிராஷ்-3 தலைக்காயத்துக்கென்றே நடந்தது, 29 நாடுகளில் 12,737 பேர். லேசான, நடுத்தரக் காயக்காரர்களை 3 மணி நேரத்துக்குள் பிடித்தபோது, தலைக்காயத்தால் இறந்தவர்கள் 7.5 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதமாகக் குறைந்தார்கள். நினைவே இல்லாமல் வந்தவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. நாம் ஒரு நேரத்தைத் தப்பாக எழுதினால், இந்தக் கணக்கில் ஒரு மனிதர் தப்பான பக்கம் போய் நிற்பார்.

சரி, நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? "ஒரு எட்டு, எட்டரை இருக்கும் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எழுதாதீர்கள். தூக்கி வந்தவரின் செல்போனை வாங்கி, 108-க்கோ வீட்டுக்கோ போன முதல் கால் எத்தனை மணி என்று பாருங்கள். 8.47 என்று இருந்தால் அதற்குச் சில நிமிடம் முன்னால்தான் அடிபட்டிருக்கும். போன் இல்லையா, ஊர்க் கடிகாரத்தைக் கேளுங்கள். கடற்கரை ஊரில் கோயில் மணி அடித்த பிறகா முன்னாலா, பள்ளிவாசலில் பாங்கு சொல்லியாகிவிட்டதா, கடைசி பஸ் போய்விட்டதா. பால்வெட்டுக்குப் போகிறவர் விடியற்காலை ரப்பர்த் தோட்டத்து வழியில் விழுந்தால், எத்தனை மரம் வெட்டியிருந்தார் என்று கூட வேலை செய்கிறவர் சொல்வார். அதை வைத்தே அரை மணிக்குள் பிடித்துவிடலாம். தென்னையிலிருந்து விழுந்தவர் என்றால், கடைசியாகப் பார்த்தது யார், எப்பம் என்று கேட்க வேண்டும். விழுந்ததை யாரும் பார்த்திருக்கவில்லை என்றால், நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்தை அப்படியே குறிப்பிட்டு எழுதி, அவரைச் சேர்க்கலாமா என்று புரோட்டோகாலில், அதாவது ஆய்வின் விதிகள் எழுதிய ஆவணத்தில் பாருங்கள். ஊகத்தை உண்மை நேரம் போல எழுதக் கூடாது.

எழுதும்போது 24 மணிக் கணக்கில் எழுதுங்கள், 20.40 என்று. எங்கள் ஆரம்பக் காலத்தில் ஒரு படிவத்தில் 8.30 என்று மட்டும் இருந்தது. காலையா ராத்திரியா என்று ஆய்வை ஒருங்கிணைக்கும் லண்டன் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தபோது, எழுதின சிஸ்டர் பேறுகால விடுப்பில் போயிருந்தார். ஏ.ஆர். நோட்டை, அதாவது விபத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்துச் சரிபார்க்க மூன்று நாள் ஆனது. நள்ளிரவு தாண்டினால் தேதியும் மாறும், அடிபட்டது 23.50, வந்து சேர்ந்தது 0.35 என்றால் இரண்டு தேதி. மாதத்தை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதுங்கள். நம் 5-3-ஐ வேறு நாட்டில் மே மாதம் என்று படிப்பவர்கள் உண்டு.

குழுவில் யார் யார் வேண்டும் என்று கேட்பார்கள். பெரிய டாக்டர் பெயர் தாளில் முதலில் இருக்கும், இருக்கட்டும். ஆனால் ஆய்வை நடத்துவது ராத்திரி டியூட்டிதான். கேஷுவாலிட்டியின் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பயிற்சி பெற்ற ஒரு டாக்டரும் ஒரு சிஸ்டரும் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆய்வைத் தொடங்காதீர்கள். சி.டி. அறை டெக்னீஷியனையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அவர் ஐந்து நிமிடம் முன்னால் படத்தைக் காட்டினால் எல்லாம் மாறும். அட்டெண்டர் அண்ணன்மாரை விட்டுவிடாதீர்கள். உறவினர் எங்கே நிற்கிறார், யார் தம்பி, யார் வெறும் வழிப்போக்கர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அனுமதிக் காகிதங்கள், அதாவது ஆய்வு நோயாளிக்கு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவு எல்லாம் முதல் நோயாளிக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

அடுத்தது ஜி.சி.எஸ்., அடிபட்டவர் எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று காட்டும் மதிப்பெண். அதிகபட்சம் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மயக்க ஊசி போடும் முன்னால் பாருங்கள், போட்ட பிறகு பார்த்தால் அது மருந்தின் மதிப்பெண்.

இதில் எங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாள் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த பையனைக் கொண்டுவந்தார்கள், இருபது வயது இருக்கும். "தம்பி, பேரென்ன, இது எந்த இடம்?" என்று கேட்டதற்கு ஏதேதோ முனகினான். பேச்சுக்கு 3 என்று எழுதப்பட்டது. பத்து நிமிடம் கழித்து அவன் கூட்டாளி ஓடி வந்து வங்காளியில் கூப்பிட்டதும், பெயர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். குழப்பம் அவன் தலையில் இல்லை, எங்கள் மொழியில் இருந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு கேட்காது. பேச்சு மதிப்பெண்ணை அவரவர் மொழியில் கேட்டுத்தான் போட வேண்டும். களியக்காவிளை, விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம், வட மாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியும் வங்காளியும் தெரிந்த ஆள் யார், போன் நம்பர் என்ன என்று கேஷுவாலிட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள். சம்மதப் படிவமும் அந்த மொழிகளில் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலோடு தயாராக இருக்க வேண்டும்.

சம்மதம்தான் எனக்கு மிகவும் கனமான வேலை. நினைவில்லாதவருக்காக, சட்டம் ஒத்துக்கொள்ளும் உறவினரிடம் கேட்கிறோம். அழுதுகொண்டிருக்கிற அக்காவிடம் பத்துப் பக்கத்தை நீட்டுவது சரியல்ல. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நான் சொல்வது இதுதான்: "அக்கா, இவருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை எல்லாம் செய்துகொண்டே இருக்கிறோம், அதை நிறுத்த மாட்டோம். அதோடு கூட ஒரு மருந்து கொடுக்கலாமா என்று கேட்கிறோம். அந்த மருந்து தலைக்காயத்துக்கு உதவுமா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பெட்டியில் இருப்பது மருந்தாகவும் இருக்கலாம், வெறும் உப்புத் தண்ணியாகவும் இருக்கலாம். எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. வேண்டாம் என்றால் கவனிப்பில் ஒரு குறையும் வராது." இந்த மருந்தால் என்ன கெடுதல் வரலாம் என்பதையும், அப்படி வந்தால் சிகிச்சை இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு, "நான் சொன்னதை உங்க பேச்சுல ஒருக்கா சொல்லுங்க அக்கா" என்று கேளுங்கள். ஒருவர், "அப்பம் புது மருந்து கண்டிப்பா கெடைக்கும்" என்றார். அவரிடம் கையெழுத்து வாங்காமல் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்க வேண்டும், கைரேகை வைக்கும் போது மட்டும் கூப்பிடக் கூடாது. நோயாளிக்கு நினைவு திரும்பினதும் அவரிடமே மறுபடி கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

உறவினர் யாரும் வரவில்லை என்றால், உங்கள் எத்திக்ஸ் கமிட்டி அதற்கு வழி எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் சேருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை கூட்டுவதற்காக ஒருவரையும் சேர்க்கக் கூடாது.

மருந்துப் பெட்டியில் எண்ணிட்ட பொட்டலங்கள் இருக்கும். இருப்பதில் மிகச் சிறிய எண்ணை எடுங்கள், கைக்கு வந்ததை எடுக்காதீர்கள். திறந்துவிட்டால் அந்த எண் அந்த ஆளுக்குத்தான். கிராஷ்-3 முறையில் முதல் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரம் ட்ரிப்ஸில். இந்த 8 மணி நேரத்தில் எப்படியும் ஒரு ஷிஃப்ட் மாறும். எங்கள் ஆய்விலும் இதே போல இரண்டாவது ட்ரிப்ஸ் உண்டு. காலை ஏழரைக்கு வந்த சிஸ்டருக்கு அது ஆய்வு பாட்டில் என்று தெரியாமல், கழற்றிவிட்டுச் சாதாரண சலைன் மாட்டினார். அவர் மேல் தப்பில்லை, நான்தான் பாட்டிலில் ஒன்றும் ஒட்டவில்லை. அன்றிலிருந்து மஞ்சள் தாளில் "ஆய்வு மருந்து, கழற்றாதீர்கள், முடியும் நேரம்" என்று எழுதிப் பாட்டிலிலும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலும் ஒட்டுகிறோம்.

நோயாளியை மேல் சிகிச்சைக்கு அனுப்புவது இங்கே அடிக்கடி நடக்கும். தக்கலையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, அங்கிருந்து சில வீட்டார் திருவனந்தபுரம் என்று எல்லை தாண்டிப் போவார்கள். அந்த மருத்துவமனைகள் ஆய்வில் இல்லாவிட்டாலும் நோயாளி ஆய்வில்தான் இருக்கிறார், சேர்த்த மருத்துவமனைதான் அவருக்குப் பொறுப்பு. ரெஃபரல் சீட்டில் பொட்டல எண், எவ்வளவு மருந்து போயிருக்கிறது, உங்கள் போன் நம்பர் மூன்றும் இருக்கட்டும். அந்தப் பக்கத்து வார்டு சிஸ்டரிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள். வலிப்பு, ரத்தக்கட்டி, இறப்பு என்று கடுமையான எது வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். அவர் எல்லை தாண்டியிருக்கிறார் என்பது காரணம் ஆகாது.

வாரம் ஒருமுறை சேர்ந்திருக்கும் மருத்துவமனைகள் எல்லாம் அரை மணி நேரம் பேசுவது நல்லது. லண்டன்காரர்களோடு என்றால் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் வித்தியாசம், அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அங்கே யாரும் திட்டுவதற்குக் கேள்வி அனுப்புவதில்லை. தப்பு நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நான் அந்த ட்ரிப்ஸ் விஷயத்தை எழுதி அனுப்பினேன், வேறொரு நாட்டு சிஸ்டரும் அதே தப்பு நடந்ததாகச் சொன்னார். மஞ்சள் தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

கடைசி வேலை, நோயாளி எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்வது. சில ஆய்வுகள் வீடு திரும்புவதோடு அல்லது 28-ஆம் நாளோடு முடியும், சிலவற்றில் ஆறு மாதம் கழித்தும் கேட்க வேண்டும். ஆறு மாதம் என்றால், சேரும் நாளிலேயே இரண்டு போன் நம்பர் வாங்குங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கிற ஒருவருடையது. விலாசத்தில் வீட்டுப்பெயரையும் எழுதுங்கள், தெருவில் அதைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். கடலுக்குப் போகிறவர்களின் போன் பல நாள் எடுக்காது, மனைவி நம்பரே நல்லது. பால்வெட்டுக்காரர்களை மதியம் கூப்பிடாதீர்கள், தூங்குவார்கள், சாயங்காலம் கூப்பிடுங்கள். கூப்பிட வேண்டிய நாள் ஞாயிறு என்றால், பூசையோ ஆராதனையோ முடிந்து வீடு வந்து சேரட்டும், 11 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். எடுத்ததும் படிவத்தைத் தொடங்காமல், "அண்ணன் எப்படி இருக்காவ?" என்று கேளுங்கள். இறந்துவிட்டார் என்று பதில் வந்தால் அந்த அழைப்பில் வேறெதையும் அவசரமாகக் கேட்காதீர்கள், அவர்கள் பேசி முடியட்டும்.