கப்பலேறிப் போன முன்னோரைத் தேடும்போது நாம் எங்கே வழி தவறுகிறோம்

எங்கள் வீட்டில் ஒருவருடைய கதை பாதியிலேயே நின்றுவிடும். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி, தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நேட்டாலுக்குக் கப்பலேறினார், அப்புறம் சேதியே இல்லை. பாட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரைத் தேட ஆரம்பித்த நான் முதல் இரண்டு வருஷம் வேறு யாரோ ஒருவரைத் துரத்திக்கொண்டிருந்தேன். பெயர் பொருந்தியது, தகப்பன் பெயர் பொருந்தியது, வயதும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தில் ஜில்லா எது என்று பார்க்கவே இல்லை. பார்த்தபோது அவர் திருச்சிராப்பள்ளிக்காரர். நாங்கள் வட ஆற்காடு.

இப்போது இதே மாதிரி தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டர்பனிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் இங்கே தேடி வருகிறவர்கள் ஒரு பக்கம், இங்கிருந்து அங்கே போனவரைத் தேடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் செய்கிற முதல் தவறு ஒன்றுதான்: பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவது. நம்மிடம் இருக்கிற துப்புகளிலேயே ரொம்ப வழுக்குகிற துப்பு பெயர்தான்.

பதிவேடு எப்படி உண்டானது என்று யோசித்துப் பாருங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16ஆம் தேதி நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. அதில் தொடங்கி 1911 வரை, சென்னை, கல்கத்தா இரண்டு துறைமுகங்களிலிருந்தும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் வாரியாக அவர்களுடைய பட்டியல் இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு ஆள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இவர்களில் நம்மவர்கள் தமிழில் சொன்னதை ஒரு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் படி எடுத்தார். நூறு வருஷம் கழித்து வேறொருவர் அதைக் கணினியில் ஏற்றினார். இத்தனை கை மாறியதில் முனுசாமி என்ற பெயர் மூன்சாமி, மன்சமி, மூனியசாமி என்று எப்படி வேண்டுமானாலும் ஆகியிருக்கும். ழகரம் இருக்கிற பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். நாம் இன்று எழுதுகிற ஸ்பெல்லிங்கைத் தட்டிவிட்டு, கிடைக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தமிழ் தெரியாத ஒருவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்து, உயிரெழுத்துகளை மாற்றி மாற்றித் தேட வேண்டும். அதோடு பெயரை விட்டுவிட்டுக் கிராமத்தை மட்டும் வைத்தும் ஒரு தடவை தேடுங்கள்.

எண் கையில் இருந்தால் இவ்வளவு கஷ்டமே இல்லை. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள், கப்பலுக்குக் கப்பல் முதலிலிருந்து எண்ணாமல் தொடர்ச்சியாக. பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது, பின்னால் அவர் பேரில் வந்த காகிதங்களிலும் அதைக் காணலாம். மொரீஷியஸிலும் இப்படி ஒரு எண் உண்டு. அங்கே மோக்காவில் இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தக் குடியேற்ற ஆவணங்களைப் பாதுகாக்கிறார்கள், 1860களுக்குப் பிறகு போனவர்கள் பலருக்குப் புகைப்படம்கூட இருக்கிறது. அதனால் அங்கேயுள்ள உறவுக்காரர்களிடம் 'தாத்தா பெயர் என்ன' என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற பழைய காகிதம் எதிலாவது ஒரு எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

குடும்பப் பெயர் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. நம் ஊரில் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே சட்டத்துக்கு ஒரு நிலையான கடைசிப் பெயர் தேவைப்பட்டது. அதனால் வீரப்பன் மகன் முனுசாமியின் பிள்ளைகள் எல்லாரும் முனுசாமி குடும்பம் ஆனார்கள், இன்றைக்கும் அப்படித்தான். அவர்களில் ஒருவர் இங்கே வந்து, 'இந்த ஊரில் முனுசாமி குடும்பம் எது' என்று கேட்டால் யாருக்கு என்ன தெரியும்? அப்படி ஒரு குடும்பமே இங்கே இருந்ததில்லை. அது போனவருடைய சொந்தப் பெயர், அவ்வளவுதான். கேட்க வேண்டியது வீரப்பனை. சில குடும்பங்களில் ஜாதிப் பட்டம் கடைசிப் பெயராக நின்றுவிட்டது, கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது, படையாட்சி படையாச்சி ஆனது. ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து மட்டும் ஊரையும் ஜாதியையும் முடிவு செய்துவிடாதீர்கள். ஆள் சேர்க்கிறவர்களிடம் பெயரையும் ஜாதியையும் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் போகிறவன் உண்மையான விலாசம் கொடுப்பானா?

இங்கே நம் பக்கத்திலும் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். பேரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஒரே வீட்டில் வீரப்பன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் வீரப்பன், மறுபடியும் வீரப்பன் மகன் முனுசாமி என்று வரும். நடுவில் அறுபது வருஷம் இருக்கும், ஆனால் நாம் இரண்டு முனுசாமிகளையும் ஒருவராக்கி, ஒருவருடைய நிலத்தையும் இன்னொருவருடைய மனைவியையும் சேர்த்து எழுதிவிடுவோம். அண்ணன் தம்பி இருவருமே தங்கள் தலைமகனுக்கு அதே தாத்தா பெயரை வைத்திருந்தால் இன்னும் சிக்கல். பெரியவர்கள் இதற்காகத்தான் வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், சின்னான், குட்டி, தம்பி என்று. எங்கள் வீட்டுக் கதையில் அவர் 'சின்னதம்பி'. அது அவருடைய பெயரே இல்லை, பிறந்த வரிசை என்று எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது.

அடுத்தது வருஷம். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். தாது என்றால் 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்னொன்றைக் கவனிக்க மாட்டோம்: அந்தப் பஞ்சம் அவ்வளவு பெரியது என்பதால், அந்தக் காலத்தை ஒட்டி நடந்த எல்லாவற்றையும் 'தாது வருஷத்தில்' என்றே சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே தேதியாக எடுத்துக்கொண்டு 1876, 1877 கப்பல்களை மட்டும் பார்ப்பது தவறு. முன்னால் பின்னால் ஒரு பத்து வருஷம் விட்டுத் தேட வேண்டும். அதே சமயம், எந்தக் காலத்தில் கப்பலே போகவில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1866இல் நின்று 1874இல்தான் மறுபடி தொடங்கியது. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல்தான், அதற்கு முன் எல்லாம் கல்கத்தா. வயதையும் இப்படியே பார்க்க வேண்டும், 25, 30 என்று பதிவாகியிருந்தால் அது பார்த்ததும் போட்ட குத்துமதிப்பாக இருக்கலாம், ஐந்தாறு வருஷம் கூடக் குறைய வரும்.

இனி ஊர். என்னைக் கேட்டால் இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பதிவேட்டில் வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வேலூர் பக்கம் வந்து அலைகிறார்கள். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது, இன்று அது ஆந்திரா. திருத்தணி அதோடு போய், 1960இல் திரும்பி வந்தது. இப்போதைய திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லா, தெற்கே சிவகங்கை பக்கம் இன்னொரு திருப்பத்தூர் வேறு. போளூர், ஆரணி, வந்தவாசி எல்லாம் வட ஆற்காட்டில் இருந்தவை, இப்போது திருவண்ணாமலை மாவட்டம். ஆகவே இன்றைய வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, அந்தக் காலத்து ஜில்லா, தாலுகா எல்லையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். கிராமத்தின் பெயர் மட்டும் பொருந்தினால் அது ஒன்றுமே இல்லை, ஒரு தாலுகாவுக்குள்ளேயே எத்தனை புதூர், எத்தனை மேல், கீழ். சில பட்டியல்களில் ஊர் என்ற இடத்தில் 'மெட்ராஸ்' என்று மட்டும் இருக்கும், அது பெரும்பாலும் கப்பலேறின இடம்தான், சொந்த ஊர் சென்னை என்று நம்பிவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்த ஒரு பெரிய பிழை 'மலபார்'. ட்ரூரோ பட்டியலிலேயே பலருக்கு ஜாதி என்ற கட்டத்தில் மலபார் என்றுதான் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கேரளத்தில் தேடுகிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றும், தெலுங்கரை ஜென்டூ என்றும் எழுதினார்கள். மொரீஷியஸிலும் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழர்தான்.

பெண்களைத் தேடாமல் விடுவது இன்னொன்று. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், அதனால் ஒவ்வொரு கப்பலிலும் பெண்கள் இருந்தார்கள், தனியாக வந்தவர்களும் உண்டு. பலர் கப்பலுக்குக் காத்திருந்த கிடங்கிலோ கப்பலிலோ ஒருவரோடு ஒருவர் சேர்ந்தார்கள். அங்கே நம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் பல பதிவாகாமலேயே போயின, 1913இல் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்பே சொன்னார். ஆகவே கணவன் பெயரின் கீழ் கொள்ளுப்பாட்டி கிடைக்கவில்லை என்றால், அவருடைய சொந்த எண்ணில், தகப்பன் பெயரோடு, வேறொரு கப்பலில்கூட இருக்கலாம்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டிச்சீமைக்குப் போனவர்களுக்கு இந்த மாதிரிக் கப்பல் பட்டியலைத் தேடிக் காலத்தைக் கழிக்காதீர்கள். அவர்கள் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி, சேர்த்த ஆட்கள், ஒப்பந்தம் எழுதி ஆளுக்கொரு எண் போட்டு அனுப்பப்பட்டவர்கள் அல்லர். அங்கே பார்க்க வேண்டியது தோட்டத்துச் செக்ரோல் என்கிற தொழிலாளர் கூலிப் பதிவேடு, இலங்கையின் 1949 சட்டத்தின்படி குடியுரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பங்கள், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்கள் கையில் இருக்கிற காகிதங்கள். அவற்றில் பூர்வீக ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, இங்கே நம் ஊரில் எதைப் பார்ப்பது? பிறப்புச் சான்று கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைவது வீண், அந்தக் காலத்துக் கிராமத்தில் அப்படி ஒன்று கிடைப்பதே அபூர்வம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். மற்றவர்களுக்கு நிலம்தான். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள், அதில் பழைய காலத்தது எல்லாம் வராது. அதில் வராததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும். வீட்டிலேயே இருக்கிற இன்னொரு பொக்கிஷம் மொய் நோட்டு. ஊர், தகப்பன் பெயர், பட்டம் எல்லாவற்றோடும் உறவு முழுக்க அதில் வரிசையாக இருக்கும், பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று படித்தாலே தெரியும். பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் விடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குலதெய்வம் எது, பங்காளிகள் எந்தெந்த ஊரிலிருந்து பொங்கல் வைக்க வருகிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஊரை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களுக்கு அது நல்ல தடயம்.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு கிரயப் பத்திரம். பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில், மடிப்பெல்லாம் கிழிந்து துணி மாதிரி ஆகிப்போன காகிதம். கொள்ளுத்தாத்தா அரைக்காணி நிலம் விற்றது. அதில் நடுவில் ஒரு வரி, தேசாந்திரம் போயிருக்கிற என் தம்பி இன்னார் பாகத்துக்கும் நானே உத்தரவாதம் என்று. அந்த இடத்தில்தான் சின்னதம்பியின் உண்மையான பெயரை முதல் முறையாகப் பார்த்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பெயர்.

அந்தப் பெயரோடும் கிராமத்தோடும் மறுபடி பட்டியலைத் தேடியபோது, பஞ்சம் முடிந்து ஐந்தாறு வருஷம் கழித்துப் போன ஒரு கப்பலில் ஒரு வரி கிடைத்தது. தகப்பன் பெயர் சரி, தாலுகா சரி, கிராமத்தின் எழுத்துகள் சிதைந்திருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்தான். முன்பு ஒரு தடவை ஏமாந்தவன் என்பதால் அதோடு நிறுத்தவில்லை, மேலேயும் கீழேயும் உள்ள வரிகளைப் பார்த்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும், ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்துதான் புறப்பட்டிருப்பார்கள், எண்கள் அடுத்தடுத்து வரும். அவருக்கு அடுத்த இரண்டு எண்களிலும் அதே கிராமம். அதில் ஒருவருடைய தகப்பன் பெயர், எங்கள் தெருக் கடைசி வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை வந்துகொண்டிருக்கிற பெயர். அந்த வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அப்படி ஒருவர் போனதே அவர்களுக்குத் தெரியாது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.